பத்தைவிட ஒன்று மலிவு என்று யார் சொன்னது?

இந்த மாதமும் அதே விலைப்பட்டியல், அதே தவறு. இரண்டு ஸ்டேக்கிங் (கிரிப்டோ நாணயத்தைப் பூட்டிவைத்து வருமானம் பெறுவது) நிறுவனங்களின் விலையை அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் 10 விழுக்காடு கேட்கிறார், இன்னொருவர் 1 விழுக்காடுதான் கேட்கிறார். ஒன்று கேட்டவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகுதான் ஆலோசனைக்கு வருகிறார்கள். காசு காசாகக் கணக்குப் பார்த்துத் தொழில் வளர்த்தவர்கள்கூட இந்த இடத்தில் "எதன்மேல் பத்து, எதன்மேல் ஒன்று?" என்று கேட்பதில்லை.

பத்து என்பது வருமானத்தின்மேல். ஒன்று என்பது முதலின்மேல். இந்த வேறுபாட்டைப் பொறுமையாகப் பாருங்கள், அவசரமே வேண்டாம். உங்களிடம் 320 ஈத் (எத்தீரியம் வலையமைப்பின் நாணயம்) இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 9.6 ஈத் வரும். வருமானத்தில் 10 விழுக்காடு கமிஷன் என்றால் 0.96 போய், 8.64 உங்கள் கையில் நிற்கும். முதலின்மேல் 1 விழுக்காடு என்றால் 3.2 ஈத் போய்விடும், மிஞ்சுவது 6.4. மலிவு என்று நீங்கள் தேர்ந்தெடுத்தவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார்.

அதோடு முடியவில்லை. எத்தீரியத்தில் ஸ்டேக் செய்வோர் கூடக்கூட ஒவ்வொருவர் பங்கும் குறையும். வருமானம் 2 விழுக்காட்டுக்கு இறங்கினால் முதலாமவர் எடுப்பது 0.64 ஈத். இரண்டாமவருக்கு அப்போதும் அதே 3.2, அதாவது சரிபாதி. உங்கள் வருமானம் சரியும்போது தன் வருமானம் சரியாதவர், உங்கள் நோடு (வலையமைப்பில் உங்களுக்காக ஓடும் கணினி) நன்றாக ஓடுகிறதா என்று எதற்காக இரவு விழித்துப் பார்க்க வேண்டும்?

சந்தை நிலவரம் தெரிந்தால் பேரம் பேச வசதி. லிடோ என்ற ஸ்டேக்கிங் சேவை வருமானத்தில் 10 விழுக்காடு எடுக்கிறது. காயின்பேஸ் என்ற கிரிப்டோ சந்தை சாதாரண வாடிக்கையாளரிடம் ஈத் வருமானத்தில் 35 விழுக்காடு. வேலிடேட்டருக்கு (முதலைப் பூட்டிப் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணக்கு) மாதம் இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்குவோரும் உண்டு. அவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். எத்தீரியத்தின் 2025 மே மாதப் பெக்ட்ரா மேம்பாட்டுக்குப் பிறகு ஒரே வேலிடேட்டரில் 2,048 ஈத் வரை வைக்கலாம், முன்பு 32தான் கணக்கில் வரும். உங்கள் பத்து வேலிடேட்டரை ஒன்றாக்கினால் கட்டணமும் பத்தில் ஒன்றாகுமா? பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் பத்துக்கும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

"கமிஷன் பூஜ்யம்" என்ற விளம்பரத்துக்கு மயங்காதீர்கள். எத்தீரியத்தில் பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு) முன்மொழியும்போது வரும் டிப்ஸும் எம்இவி (பரிவர்த்தனைகளின் வரிசையால் கிடைக்கும் கூடுதல் லாபம்) தொகையும் தனி வருமானம், அவை போய்ச் சேரும் முகவரியும் தனி. பூஜ்யம் என்றவர் அந்த முகவரியைத் தன்னுடையதாக வைத்திருந்தால் உங்களுக்குக் கணக்கே வராது. சொலானா என்ற வலையமைப்பிலும் பணவீக்க வருமானத்துக்கு (புதிதாக உருவாக்கித் தரும் நாணயம்) பூஜ்யம் என்று காட்டிவிட்டு, எம்இவி டிப்ஸில் வேறு விகிதம் வைக்கலாம். எப்பாக்குக்கு எப்பாக் (வலையமைப்பின் ஒவ்வொரு கணக்குச் சுற்றுக்கும்) கமிஷனை மாற்றவும் முடியும். ஆகவே கடந்த பல எப்பாக்குகளின் கமிஷன் வரலாற்றைப் பாருங்கள், இன்றைய எண்ணை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்.

கமிஷனுக்கு டாலரில் பில் வந்தால் எந்த நாள் விலையில் மாற்றினார்கள், சிங்கப்பூரின் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்ததா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

எட்டு விழுக்காட்டுக் கமிஷனுக்கும் பத்துக்கும் இடையே மல்லுக்கு நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன 320 ஈத்துக்கு அந்த இரண்டு புள்ளி மிச்சம் ஆண்டுக்கு 0.19 ஈத். வேலிடேட்டர் ஆஃப்லைனில் இருந்தால் அன்றைய வருமானமும் போகும், ஏறக்குறைய அதே அளவு அபராதமும் விழும். ஆண்டில் நான்கைந்து நாள் நின்றால் மிச்சம் பிடித்தது தீர்ந்தது. விலையைவிட அப்டைம் (நிற்காமல் ஓடிய நேரம்) பதிவைக் கேளுங்கள்.

ஆஃப்லைன் அபராதம் வேறு, ஸ்லாஷிங் (விதிமீறலுக்காக முதலையே வெட்டுவது) வேறு. வேலிடேட்டரின் ஒரே கையெழுத்துச் சாவி இரண்டு இயந்திரங்களில் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் ஸ்லாஷிங்குக்கு வழக்கமான காரணம். அப்டைமுக்காகப் பதறிப்போய் மாற்று இயந்திரத்தை எழுப்பும்போதுதான் இது நடக்கும். தனியாக ஒருவருக்கு நடந்தால் இழப்பு சிறிது. பலருக்கு ஒரே சமயத்தில் நடந்தால் அபராதம் பெருகிக்கொண்டே போகும். அதனால் எல்லா நோடையும் ஒரே கிளவுடில், ஒரே கிளையன்ட் மென்பொருளில் ஓட்டும் பெரிய நிறுவனம் பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள். காஸ்மோஸ் ஹப் என்ற வலையமைப்பில் இரட்டைக் கையெழுத்துக்கு 5 விழுக்காடு வெட்டு, அது வேலிடேட்டரிடம் டெலிகேட் செய்த (ஒப்படைத்த) உங்கள் முதலிலிருந்தும் போகும். இழப்பை யார் ஈடுகட்டுவது, உச்சவரம்பு எவ்வளவு என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிங்கப்பூரில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உரிமம் பெற்ற மின்னிலக்க நாணயச் சேவை நிறுவனங்கள் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு ஸ்டேக்கிங் ஏற்பாடு செய்யக் கூடாது என்று நாணய ஆணையம் 2023 ஜூலையில் அறிவித்தது. எனவே டெலிகிராமில் "நாணய ஆணையம் அனுமதித்த ஸ்டேக்கிங், தினமும் 2 விழுக்காடு" என்று வருவதை நம்பி மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தைப் போடாதீர்கள், தயவுசெய்து. எத்தீரியம் ஓர் ஆண்டு முழுக்கத் தருவதே ஏறக்குறைய 3 விழுக்காடு. சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799க்கு அழையுங்கள். சில்லறை வாடிக்கையாளர் அல்லாமல் தகுதிபெற்ற முதலீட்டாளர் என்ற வகையில் சேர நிகரச் சொத்து 20 லட்சம் வெள்ளிக்கு மேல் இருக்க வேண்டும், அதில் குடியிருக்கும் வீடு 10 லட்சம் வரைதான் சேரும். அல்லது நிகர நிதிச் சொத்து 10 லட்சத்துக்கு மேல், அல்லது கடந்த 12 மாத வருமானம் 3 லட்சம் இருக்க வேண்டும். அந்த வகைக்குச் சம்மதம் கொடுப்பது சில சட்டப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

ஸ்டேக்கிங்கை வங்கி வைப்புத்தொகை போல நினைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கடைச் சரக்குக்கான பணத்தை வைக்கவும் வேண்டாம். காஸ்மோஸ் ஹப்பில் வெளியேற 21 நாள். எத்தீரியத்தில் வெளியேறக் காத்திருப்போர் வரிசையைப் பொறுத்தது: 2025 செப்டம்பரில் 40 நாளையும் தாண்டியது.

எத்தீரியத்தில் வித்டிராயல் முகவரி (முதல் திரும்பி வரும் முகவரி) ஒருமுறை பதிந்தால் மாற்ற முடியாது. அது உங்கள் வாலட்டுடையதா என்பதை முதலை அனுப்பும் முன் டெபாசிட் கோப்பில் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், நிறுவனம் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது. பெக்ட்ராவுக்குப் பிறகு அந்த முகவரியிலிருந்தே வெளியேற்றத்தைத் தொடங்க முடியும், நிறுவனத்தின் தயவு தேவையில்லை. முதற்கட்டமாக 32 ஈத் மட்டும் போட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். டிப்ஸ் உட்பட எல்லா வரவையும் பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (பரிவர்த்தனைகளைப் பொதுவில் காட்டும் இணையதளம்) பில்லோடு சரிபாருங்கள். பிறகு நீங்களே வெளியேற்றிப் பணம் உங்கள் வாலட்டில் வந்து விழுவதைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.