ரத்தக் கழிச்சலுக்கு வெள்ளைக்கழிச்சல் மருந்து கேட்காது

ஐப்பசி மழை பிடித்துப் பத்து நாள் ஆனால் போதும், எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு அட்டைப்பெட்டியில் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வரத் தொடங்கிவிடும். எல்லாம் மூன்றிலிருந்து ஆறு வார வயது. சிலிர்த்த இறகு, தொங்கிய சிறகு, மூடிய கண், பின்பக்கப் பஞ்சில் ஒட்டிக் காய்ந்த ரத்தம். கூடவே ஒரு வாக்குமூலமும் வரும்: "வெள்ளைக்கழிச்சல் சார். டெட்ராசைக்ளின் மூணு நாளா குடுக்கிறோம், கேக்கல. இன்னும் கொஞ்சம் பவரா ஏதாவது குடுங்க."

மருந்துக்குப் பவர் குறைவில்லை. நோய்தான் வேறு.

நம் ஊரில் கோழி எப்படிக் கழிந்தாலும் பெயர் வெள்ளைக்கழிச்சல்தான். வெள்ளைக்கழிச்சல் என்பது ராணிக்கெட். அதை உண்டாக்குவது வைரஸ். அது வந்தால் குஞ்சு, பெட்டை, சேவல் என்று வயது பார்க்காது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தப்பிப் பிழைப்பதில் சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். ரத்தக் கழிச்சல் வேறு. ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடல் சுவருக்குள் புகுந்து பெருகி, உள்ளிருந்து செல்களைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது ஏற்படும் ரத்தப்போக்கு அது. புத்தகத்தில் இதன் பெயர் கோக்சிடியோசிஸ். பெரிய கோழிகள் தெம்பாக மேய்ந்துகொண்டிருக்க, குஞ்சுகள் மட்டும் விழுகின்றனவா? கழுத்து திருகல், மூச்சிரைப்பு ஏதும் இல்லையா? அப்படியானால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குஞ்சுகள் வீணாகப் போவது இங்கேதான். டெட்ராசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் எல்லாம் பாக்டீரியாவுக்கான மருந்துகள். ராணிக்கெட் வைரஸ் என்பதால் அதையும் இவை கொல்லாது, ஐமீரியா ஒட்டுண்ணி என்பதால் அதையும் கொல்லாது. ஆக, நீங்கள் நினைத்தபடி அது வெள்ளைக்கழிச்சலாகவே இருந்திருந்தாலும் அந்தப் பொடி வீண்தான். இன்னும் சிலர் கடையில் கொலிஸ்டின் கேட்கிறார்கள். உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்கு அதைத் தரக்கூடாது என்று 2019 ஜூலையிலேயே மத்திய அரசு தடை போட்டாயிற்று. மனிதர்களுக்கு வைத்திருக்கும் கடைசி ஆயுதங்களில் ஒன்று அது.

"இல்லை சார், போன தடவை அந்தப் பொடிலதான் நின்னுச்சு" என்பார்கள். நின்றிருக்கும். காரணம் பொடி இல்லை. குஞ்சு ஒட்டுண்ணியை விழுங்கிய 5-6ஆம் நாள் ரத்தம் தெரியும். சாவதில் பெரும்பாலானவை அடுத்த ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். 8-9ஆம் நாளைத் தாண்டிய குஞ்சு பெரும்பாலும் தானாகவே தேறும், ஏனென்றால் ஐமீரியா குடலுக்குள் குறிப்பிட்ட சில சுற்றுகள் பெருகியதும் அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. ரத்தம் பார்த்த அன்று என்ன கொடுத்தாலும் மூன்றாவது நாள் மிச்சமுள்ளவை எழுந்து நிற்கத்தான் செய்யும். பொடி, மஞ்சள், சின்ன வெங்காயம், மந்திரித்த தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் நல்ல பெயர் கிடைப்பது இந்தக் கணக்கில்தான். மஞ்சளும் பூண்டும் கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அதைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பதில்தான் சண்டை.

எல்லா ரத்தக் கழிச்சலும் ரத்தமாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐமீரியாவில் பல இனங்கள் உண்டு. குருட்டுக்குடலைத் தாக்கும் டெனெல்லாதான் சுத்த ரத்தமாகக் கழியவைப்பது. மேல்குடலைத் தாக்குபவற்றில் தண்ணீராகவோ, ஆரஞ்சு நிறச் சளியாகவோ கழியும், குஞ்சு தின்றாலும் எடை ஏறாது. மறுபக்கம், கோழி தினமும் சில தடவை பழுப்பாக, சாக்லேட் குழைத்தது போலப் பிசுபிசுவென்று இடும் எச்சம் இயல்பானது. குருட்டுக்குடல் காலியாகும்போது அப்படித்தான் வரும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பிப் பதற வேண்டாம்.

சந்தேகம் தீர நல்ல வழி, செத்த குஞ்சைத் திறந்து பார்ப்பது. கையுறை, ஒரு கத்தரிக்கோல் போதும். குடலைக் கடைசிவரை பின்தொடர்ந்தால், சிறுகுடல் முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் வாலைப் போல இரண்டு குழாய்கள் இருக்கும். அவைதான் குருட்டுக்குடல்கள். வழக்கமாகப் பழுப்பாகச் சுருங்கிக் கிடக்கும். டெனெல்லா தாக்கியிருந்தால் இரண்டும் வீங்கி, கருஞ்சிவப்பாக, உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். சில நாள் கழித்துச் செத்த குஞ்சில் அந்த ரத்தம் வெளுத்துக் கெட்டிப்பட்டுப் பாலாடைக்கட்டி போல் நிற்கும்.

இனி மருந்து. எளிதில் கிடைப்பவை இரண்டு: ஆம்ப்ரோலியம் 20 சதவீதப் பொடி, டோல்ட்ராசூரில் 2.5 சதவீதக் கரைசல். அட்டையில் உள்ள சதவீதத்தைப் படித்துவிட்டு அளவு போடுங்கள். சதவீதம் மாறினால் நான் கீழே சொல்லும் கணக்கும் மாறும்.

ஆம்ப்ரோலியம் 20 சதவீதம் என்றால், நோய் கண்ட குஞ்சுகளுக்கு 1 லிட்டர் குடிநீருக்கு 1.2 கிராம், 5 நாள். அதன்பின் 1 லிட்டருக்கு 0.3 கிராம் என்று ஒன்று முதல் இரண்டு வாரம். ஸ்பூன் கணக்கு வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒரு அளவு. மருந்துக் கடையிலோ நகைக் கடையிலோ 6 கிராம் நிறுத்து வாங்கி, காகிதத்தில் கொட்டி ஐந்து சம பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 1.2 கிராம். ஒரு மாத வயதில் 20 குஞ்சுகள் ஒரு நாளைக்குத் தோராயமாக 1 லிட்டர் குடிக்கும், எனவே ஒரு நாளைக்கு ஒரு பங்கு. வெயில் நாளில் கூடுதலாகக் குடிக்கும், அதற்கேற்ப இன்னொரு லிட்டர் கலக்க வேண்டும். தினமும் காலையில் புதிதாகக் கலக்குங்கள், நேற்றைய மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

டோல்ட்ராசூரில் 2.5 சதவீதம் என்றால் 1 லிட்டருக்கு 1 மில்லி, தொடர்ந்து 48 மணி நேரம், வேறு தண்ணீர் இல்லாமல். ரத்தம் தெரிந்த பிறகு கொடுக்க இதுவே மேல். ஆம்ப்ரோலியம் ஒட்டுண்ணியின் ஆரம்பக் கட்டத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். டோல்ட்ராசூரில் செல்லுக்குள் இருக்கும் எல்லாக் கட்டத்தையும் தாக்கும். இதோடு எலுமிச்சை, வினிகர், அமிலம் கலந்த எந்த டானிக்கும் சேர்க்காதீர்கள். கரைசல் திரிந்து மருந்து அடியில் படிந்துவிடும். மனிதர் சாப்பிடும் முட்டை இடுகிற கோழிக்கு இது கூடாது. கறிக்கு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பது பாட்டில் அட்டையில் இருக்கும், அதை மீறாதீர்கள்.

சல்ஃபா மருந்துகளும் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் சரியான அளவுக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி குறைவு. வெயிலில் குஞ்சு இரண்டு மடங்கு தண்ணீர் குடித்தால் மருந்தும் இரண்டு மடங்கு உள்ளே போகும். சிறுநீரகம் கெடும், ரத்தக் கசிவும் வரும். பிறகு சாவது நோயாலா மருந்தாலா என்று கண்டுபிடிப்பது எங்கள் பாடு. வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

அடுத்த தவறு பி காம்ப்ளெக்ஸ். சோர்ந்திருக்கிறதே என்று ஆம்ப்ரோலியம் கலந்த அதே தண்ணீரில் வைட்டமின் டானிக்கை ஊற்றுகிறார்கள். ஆம்ப்ரோலியம் தன்னை வைட்டமின் பி1 போலக் காட்டி ஒட்டுண்ணியை ஏமாற்றித்தான் கொல்கிறது. நீங்கள் உண்மையான பி1-ஐக் கூடவே கொட்டினால் அது எதற்கு ஏமாறப் போகிறது? அந்த ஐந்து நாளும் பி1 உள்ள டானிக் வேண்டாம். வைட்டமின் ஏ, கே கொடுக்கலாம். வைட்டமின் கே ரத்தம் உறைய உதவும். டானிக் பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மனித மாத்திரை? கூடவே கூடாது. வெளியே போக வேண்டியதைக் குடலுக்குள்ளேயே பூட்டிவைப்பது அது.

அளவு சரியாக இருந்தும் மருந்து தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால். குஞ்சு அந்தத் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. புறக்கடையில் அதற்குக் குடிக்கவா இடமில்லை? குழாயடிச் சேறு, ஆட்டுத் தொட்டி, துணி துவைக்கும் கல்லடி. சிகிச்சை நாட்களில் குஞ்சுகளை அடைத்தே வையுங்கள். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் இருந்து, பிறகு மருந்துத் தண்ணீரை வையுங்கள். தலை தொங்கி நிற்பதைப் பிரித்துத் தனிப்பெட்டியில் உமி பரப்பி, 60 வாட் குண்டு பல்பு போட்டு, அதே தண்ணீரை இங்க் ஃபில்லரால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

ரத்தமாகக் கழிந்த இரண்டு குஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த இரண்டில் சேதம் முடிந்துவிட்டது, பிழைத்தால் லாபம். மருந்தால் உண்மையில் காப்பாற்ற முடிவது இன்னும் ரத்தம் காட்டாமல் பக்கத்தில் தின்றுகொண்டிருக்கும் மற்ற பதினெட்டைத்தான். அவையும் அதே தரையைத்தான் கொத்தியிருக்கின்றன.

தரைக்கு வருவோம். எச்சத்தோடு வெளியேறும் ஊசிஸ்ட், அதாவது ஐமீரியாவின் முட்டை போன்ற ஓடுள்ள வடிவம், உடனே நோய் தராது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பழுத்து ஆபத்தாகிறது. அதனால்தான் தினமும் எச்சத்தை அள்ளச் சொல்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் பழுத்த பிறகு அள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். உமியை இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, நாள்தோறும் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம், மாற்ற வேண்டும். உதிர்ந்தால் சரி. தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல்மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு வையுங்கள். கூளம் நனைவது பெரும்பாலும் அந்தக் கிண்ணத்தைச் சுற்றித்தான். எட்டு வாரம் வரை குஞ்சுக்கு ஒரு சதுர அடியாவது வேண்டும். நாற்பது குஞ்சை ஒரு பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு மருந்து கேட்டு வராதீர்கள். குருணையைத் தரையில் விசிறிப் போடும் பழக்கத்தையும் குஞ்சுகள் வளரும்வரை விடுங்கள். தீவனத்தட்டு பத்து ரூபாய் பிளாஸ்டிக் தட்டாக இருந்தாலும் போதும்.

ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் இரண்டும் ஊசிஸ்ட்டின் ஓட்டைத் துளைக்காது. ஆய்வகத்தில் ஊசிஸ்ட்டைச் சுத்தம் செய்யவே பிளீச் திரவத்தில்தான் அலசுவார்கள், அது சாகாது என்ற தைரியத்தில். வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது, காலிக் கூண்டின் தரையில் ஊதுவிளக்குத் தீயை ஓட்டுவது, வெயிலில் நன்றாகக் காயவிடுவது, இவைதான் வேலைக்காகும். சுண்ணாம்புத் தூள் ஈரத்தை இழுக்கும், அந்த அளவில் நல்லது.

அடைகோழியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கோழிகள் நோயில்லாமலேயே ஊசிஸ்ட்டைச் சிந்திக்கொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கொத்தி வளரும் குஞ்சுக்கு எதிர்ப்பு வரும், அது நல்லதுதான். எட்டு வாரம் கம்பிவலைக் கூண்டில் மண்ணே காட்டாமல் வளர்த்து, மழைக்காலத்தில் ஒரே நாளில் பழைய கோழிகளோடு சேற்றில் இறக்கிவிடுவதுதான் வம்பு. கடைத் தீவனத்தில் கோக்சிடியா தடுப்பு மருந்து கலந்திருக்கலாம், மூட்டையில் எழுதியிருக்கும். சாலினோமைசின் என்று இருந்தால் அதை வான்கோழிக்குப் போடாதீர்கள், செத்துவிடும். டியாமுலின் மருந்து கொடுக்கும்போது கோழிக்கும் அந்தத் தீவனம் ஆகாது.

ராணிக்கெட் தடுப்பு மருந்தைத் தவறாமல் போடுங்கள். முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. அது ரத்தக் கழிச்சலைத் தடுக்காது, "தடுப்பூசி போட்டும் வந்துடுச்சே" என்று யாரும் கோபப்பட வேண்டாம். ரத்தமாகக் கழிந்துகொண்டிருக்கும் குஞ்சுக்கு அன்றைக்கே தடுப்பூசி போடவும் வேண்டாம், தேறட்டும்.

செத்த குஞ்சைச் சாக்கடையில் எறியாமல், நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். நோய் புரியவில்லை என்றால் புதைப்பதற்கு முன், செத்துச் சில மணி நேரத்துக்குள் ஒன்றைப் பாலிதீன் பையில் போட்டு ஐஸ் கட்டிமேல் வைத்து, உறையவிடாமல், கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள். வரும்போது இதுவரை கொடுத்த மருந்துகளின் கவர்களையும் எடுத்துவாருங்கள். "ஒரு மஞ்சப் பொடி, அப்புறம் ஒரு வெள்ளைப் பொடி சார்" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.