நாலு மணி நேரம் யார் போட்ட கணக்கு?

பினாங்குப் பாலத்திலோ கோலாலம்பூரிலோ மராத்தான் முடிந்த வாரம், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் பிசியோ நிலையத்துக்கு யார் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ஈப்போவில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள், ஓய்வுபெற்ற ஒன்றிரண்டு தோட்டக் கிராணிகள். "நாலு மணிக்குள்ள முடிச்சிடலாம்னு பார்த்தேன் டாக்டர், முப்பது கிலோமீட்டருக்கு மேல காலே வரல." (நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சலித்துவிட்டது.)

ஏன் நாலு மணி? பெரும்பாலும் பதில் இருக்காது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் ஏறக்குறைய ஒரு கோடி மராத்தான் முடிவு நேரங்களை அலசினார்கள். மூன்றரை மணி, நாலு மணி போன்ற ரவுண்டான எண்களுக்குச் சற்று முன்னால் ஆட்கள் குவிந்திருந்தார்கள். அந்த எண்ணைத் தாண்டியதும் கூட்டம் சட்டென்று குறைந்தது. ரவுண்டான எண்மேல் நமக்கு அப்படி ஓர் ஆசை.

நாலு மணி என்றால் 42.195 கிலோமீட்டரும் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி வேகம். பாதி மராத்தானை 2 மணியில் ஓடியவர் அதை இரண்டால் பெருக்கிக்கொள்கிறார். ஒரு தூரத்தை ஓடிய நேரத்தை வைத்து இன்னொரு தூரத்துக்கான நேரத்தைக் கணிக்க ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் ரீகல் சூத்திரமோ 4 மணி 10 நிமிடம் என்கிறது. அதுவும் நீண்ட ஓட்டப் பயிற்சி சரியாக இருந்தால்தான்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. விடிவதற்கு முன்பே ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொட்டுவிடும். வியர்வை கொட்டும், ஆனால் ஆவியாகாது, உடம்பும் குளிராது. காலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடும். பெர்லின் குளிரில் ஓடியவர் வாட்சப் குழுவில் போட்ட நேரத்தை இங்கே இலக்காக வைப்பது வீண் வம்பு. செம்பனைத் தோட்டச் சாலையில் ஒரு ஞாயிறு 28 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். கடைசி ஐந்து கிலோமீட்டரில் என்ன வேகம் தாங்குகிறதோ, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் பத்தை அதைவிடக் கொஞ்சம் மெதுவாகவே ஓடலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது மாத்திரைதான். இலக்கு நேரம் தவறக்கூடாது என்று ஓட்டத்துக்கு முன்பே இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டுக்கொள்கிறார்கள், "முன்னெச்சரிக்கையாக". உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உதவுகிறது. இந்த மாத்திரைகள் அதைத்தான் தடுக்கின்றன. வெயில், வியர்வை, மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகலாம். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் இருப்பவர் அந்த ஓட்டத்தை விட்டுவிடுவது நல்லது.

ஓடும்போது தலை சுற்றினாலோ பேச்சு குழறினாலோ கடிகாரத்தைப் பார்க்காமல் நின்று, மருத்துவக் கூடாரத்துக்குப் போய்விடுங்கள். ஓட்டம் முடிந்தபின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம். அதற்கு என்னிடம் நேரம் கேட்டுப் போன் செய்ய வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.