ரப்பர் கழன்ற பிறகும் நிற்கும் தண்ணீர்

கோடை விடுமுறையில் உறவினர்கள் கூடி, தண்ணீர் பலூனை எறிந்து பிடிக்கும் ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். அதைப் பார்த்த வாசகி ஒருவர் கேட்கிறார்: "கையில் பட்டதும் பலூன் உடைகிறது. கைதவறிப் புல்லில் விழுந்தால் சில சமயம் உடையாமல் உருண்டு போகிறது. கை மெத்தென்றுதானே இருக்கிறது?"

முதலில் கணக்கு. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் 300 கிராம் பலூனை 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 300 நியூட்டன். கையைப் பின்னால் இழுத்தபடி 50 சென்டிமீட்டரில் நிறுத்தினால் வெறும் 30 நியூட்டன். புல்லும் வளைந்து கொடுத்து இதே உதவியைச் செய்கிறது. போதாததற்குக் கையில் நகமும் மோதிரமும் உண்டு.

இன்னொன்று, தண்ணீர் அமுக்கினால் சுருங்காது. மோதும் பலூன் தட்டையாகிறது, கொள்ளளவோ மாறாது. ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த பரப்புள்ள வடிவம் கோளம். ஆகவே எந்தப் பக்கம் நசுங்கினாலும் ரப்பர் கூடுதலாக விரிந்தே தீர வேண்டும். கொஞ்சமாக நிரப்பிய பலூனில் அதற்கு இடமிருக்கிறது. முட்ட முட்ட நிரப்பியதில் இல்லை.

ஆட்டத்துக்கு இவ்வளவு போதும். எனக்குப் பிடித்த பகுதி பலூன் உடைந்த பிறகுதான் தொடங்குகிறது.

ஊசி குத்தியதும் ஒரு கிழிசல் பிறக்கிறது. நன்றாக விரிந்த ரப்பரில் அது நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. பின்னாலேயே ரப்பர் சுருங்கி விலகுகிறது. எல்லாம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் தண்ணீர் என்ன செய்கிறது? ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஈர்ப்பு அதை உடனே இழுக்கத் தொடங்குகிறது, உண்மைதான். ஆனால் 5 மில்லிநொடியில் எந்தப் பொருளும் விழும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு! மெல்லிய ரப்பருக்கு நிறை மிகக் குறைவு, அது பறந்துவிடுகிறது. 300 கிராம் தண்ணீரை நிலைமம், அதாவது இருந்த நிலையிலேயே நீடிக்கப் பார்க்கும் இயல்பு, பிடித்து வைத்திருக்கிறது. அதிவேகக் கேமராவில் பார்த்தால், உறையே இல்லாமல், பலூனின் வடிவத்திலேயே, முடிச்சுப் பக்கத்துக் கூர்மை உட்பட, தண்ணீர் அந்தரத்தில் நிற்கும்.

பளிங்கு போல வழவழப்பாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். விலகும் ரப்பர் தான் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர்ப் படலத்தை உராய்ந்து இழுத்துவிட்டே போகிறது. அதனால் மேற்பரப்பு முழுக்கச் சொரசொரப்பு, சுற்றிலும் நுண்துளிச் சாரல். காற்றடைத்த பலூனின் 'டப்' ஓசை இதில் எழாததற்கும் காரணம் உண்டு: விடுபட்டுப் பாய அழுத்தப்பட்ட காற்று உள்ளே இல்லை.

பிறகு ஈர்ப்பு வென்றுவிடுகிறது. ஈர்ப்பே தெரியாத இடத்தில் உடைத்தால்? நாசா இதைச் செய்து பார்த்தது. எடையின்மையை உண்டாக்கும் பாதையில் பறந்த டிசி-9 விமானத்துக்குள் தண்ணீர் பலூன்களை உடைத்தார்கள். பெரிய நீர்த்துளி ஒன்றைச் சட்டென்று விடுவிக்க உறையைக் கிழிப்பது நல்ல வழிதானா என்பது அவர்கள் கேள்வி. துளி சிதறி விழாமல் தளும்பித் தளும்பி மிதந்தது. பலூன் உடைக்க விமானமா, மக்கள் வரிப்பணமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எடையற்ற இடத்தில் திரவம் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாமல் விண்கலத்தின் எரிபொருள் தொட்டியை யார் வடிவமைப்பது? இப்படிப்பட்ட 'விளையாட்டு' ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் நாடுகளைப் பார்த்து எனக்குப் பொறாமைதான்.

ஆட்டம் முடிந்ததும் ரப்பர் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். குழந்தைகள் வாயில் போட்டால் மூச்சு அடைக்கும். பொறுக்கும்போது சற்றுக் கவனியுங்கள். பலூன் உடைவதை ஆராய்ந்த செபாஸ்தியன் முலினே, மொக்தார் அதா-பெதியா என்ற பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர்கள் 2015-இல் சொன்னது: ரப்பரில் இழுவிசை குறைவாக இருந்தால் ஒரே கிழிசல், ஒரு வரம்பைத் தாண்டினால் கிழிசல்கள் கிளைவிட்டு நார்நாராகப் பிய்யும். அவர்கள் உடைத்தது காற்றுப் பலூன். தண்ணீர் பலூனுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் புல்லில் கிடக்கும் துண்டுகளை வைத்து நீங்களே பார்க்கலாம்.