வேலைக்குப் போனால் யூசியை எவ்வளவு வெட்டுவார்கள்? நர்சரிக் கட்டணத்தோடு சேர்த்து ஒரு கணக்கு

பிரிட்டனில் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார் பலர் கேட்பது இதுதான்: "வேலைக்குப் போனால் யூனிவர்சல் கிரெடிட்டை (யூசி, குறைந்த வருமான வீடுகளுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) வெட்டிவிடுவார்கள், மிச்சக் காசு நர்சரிக்குப் போய்விடும், அப்புறம் எதற்கு வேலை?" இந்தப் பயத்தில் பாதி சரி, பாதி தவறு. உங்கள் வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை வைத்துத்தான் எந்தப் பாதி உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும். நான் எழுதியிருக்கிற தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை, ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும்.

முதலில் வெட்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வொர்க் அலவன்ஸ் என்று ஒரு தொகை உண்டு. யூசியில் வாடகை உதவியும் வந்தால் அது மாதம் 411 பவுண்ட், வராவிட்டால் 684 பவுண்ட். சம்பளத்தில் அந்த அளவுக்கு யூசி ஒரு பென்னிகூடக் குறையாது. அதற்கு மேல் கையில் வருகிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறையும் (2021 கடைசி வரை இது 63 பென்ஸாக இருந்தது).

சரி, ஒரு தாய் தனியாகப் பிள்ளை வளர்க்கிறார், வாடகை வீடு, மணிக்கு 12.21 பவுண்ட் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தில் வாரம் 16 மணி நேரம் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் கிட்டத்தட்ட 847 பவுண்ட் வரும். வரி இல்லை, நேஷனல் இன்சூரன்ஸும் (சம்பளத்தில் பிடிக்கிற சமூகக் காப்பீட்டுப் பணம்) இல்லை. யூசி 240 பவுண்ட் குறையும். ஆக, சும்மா இருந்ததைவிட 607 பவுண்ட் கூடுதலாகக் கையில் நிற்கும். இது நல்ல லாபம், இதை வேண்டாம் என்று விடவே கூடாது.

அதே தாய் 30 மணி நேரத்துக்கு மாறினால்தான் கணக்கு கசக்கிறது. சம்பளம் 1,587 பவுண்டாக ஏறும், ஆனால் வருட வருமானத்தில் 12,570 பவுண்டைத் தாண்டும் பகுதிக்கு 20 சதவீத வரியும் 8 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் பிடித்து 1,436தான் வரும், அதன் பிறகு யூசியில் 564 குறையும், கடைசியில் லாபம் 872. அதாவது வாரம் 14 மணி நேரம் கூடுதலாக உழைத்ததற்கு மாதம் 265 பவுண்ட், மணிக்கு 4.37 பவுண்ட். பென்ஷன் பிடித்தத்தை நான் இதில் சேர்க்கவில்லை. அந்தக் கூடுதல் நேரத்துக்குப் பிள்ளையைப் பார்க்க மாதம் 400 பவுண்ட் செலவாகிறது என்றால் யூசி 85 சதவீதத்தைத் திருப்பித் தரும், மீதி 60 உங்கள் கையிலிருந்து போகும், மணிக்கு 3.38 மிஞ்சும். பஸ் காசு தனி. "எவ்வளவு உழைத்தாலும் ஒன்றும் மிஞ்சவில்லை" என்று புலம்புகிறவர்களைச் சோம்பேறி என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் கணக்கே அப்படித்தான் இருக்கிறது.

கணவன் மனைவி இருவரும் இருக்கிற வீட்டில் இரண்டாவதாக வேலைக்குப் போகிறவர்மேல்தான் அடி விழுகிறது. வீட்டுக்கு ஒரே ஒரு வொர்க் அலவன்ஸ்தான், அதைக் கணவரின் சம்பளம் ஏற்கெனவே தின்றுவிட்டிருக்கும். எனவே மனைவியின் முதல் பவுண்டிலிருந்தே 55 பென்ஸ் வெட்டு. அதே 16 மணி நேர வேலையில் 847 பவுண்டுக்கு 381தான் குடும்பத்துக்கு நிற்கும். ஆனாலும் ஒரு விஷயம்: தம்பதியில் இருவரும் வேலை செய்தால்தான் பொதுவாக யூசியில் பிள்ளை பராமரிப்புச் செலவே கிடைக்கும், ஒருவர் நோயாலோ இயலாமையாலோ வேலை செய்ய முடியாதவராக இருந்தால் விலக்கு உண்டு. இத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்தச் செலவுக்காக யூசி தரும் தொகைக்கு உச்சவரம்பு ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 பவுண்ட், இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 1,768.94. இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட்டில் (பள்ளி, நர்சரிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிந்த நர்சரி, சைல்ட்மைண்டர் (தன் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பவர்), ஆஃப்டர்ஸ்கூல் கிளப் எல்லாம் செல்லும். வீட்டில் பிள்ளையைப் பார்க்கிற அம்மம்மாவுக்கு நீங்கள் கொடுக்கும் காசு கணக்கில் வராது, நம் வீடுகளில் இதைத்தான் பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள்.

உண்மையில் ஆட்களை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்துவது முன்பணம்தான். நர்சரி முதல் நாளே பணம் கேட்கும், யூசி நீங்கள் கட்டிய பிறகுதான் தரும். 2023 ஜூனிலிருந்து இதற்கு வழி இருக்கிறது: புதிதாக வேலைக்குச் சேரும்போதோ மணி நேரத்தைக் கூட்டும்போதோ அந்த முதல் கட்டணத்தை ஜாப் சென்டரே (யூசியைக் கவனிக்கும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) தரலாம். அவர்களாக வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காமல் அங்கே உங்களைக் கவனிக்கும் அலுவலரான வொர்க் கோச்சிடம் நீங்களே கேளுங்கள், யூசி இணையக் கணக்கில் இருக்கிற ஜர்னலிலும் எழுதி வையுங்கள். அப்புறம், கட்டிய ரசீதைத் தள்ளிப்போடாமல் அந்த மாதமே பதிவுசெய்யுங்கள், அடுத்த அசெஸ்மென்ட் மாதமும் (யூசியைக் கணக்கிடும் ஒரு மாதக் காலம்) முடிந்துவிட்டால் அந்தக் காசு போனது போனதுதான்.

லண்டனில் வாடகை அதிகம் என்பதால் பெனிஃபிட் கேப்பும் (ஒரு வீடு வாங்கக்கூடிய மொத்த அரசு உதவித்தொகைக்கான உச்சவரம்பு) பலரைப் பிடிக்கும்: பிள்ளை உள்ள வீட்டுக்கு அங்கே வருடம் 25,323 பவுண்ட், மற்ற இடங்களில் 22,020. வீட்டுக்கு மாதம் 846 பவுண்ட் கையில் வருகிற சம்பளம் இருந்தால் இந்தக் கேப் இல்லை. அப்படிக் கேப்பில் மாட்டியிருக்கிற வீட்டுக்கு வேலையின் லாபம் நான் மேலே போட்ட கணக்கைவிட அதிகமாகவே இருக்கும்.

இங்கிலாந்தில் இன்னொரு உதவி, 2025 செப்டம்பரிலிருந்து 9 மாதக் குழந்தை முதல் வாரம் 30 மணி நேர இலவசப் பராமரிப்பு, வருடத்துக்கு 38 வாரம். பெற்றோர் ஒவ்வொருவரும் வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சச் சம்பள அளவாவது சம்பாதிக்க வேண்டும், யாருடைய வருமானமும் வருடம் 1,00,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. இருவர் விசாவிலும் அரசு உதவி பெறக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் இது கிடைக்காது. இதை யூசியோடு சேர்த்து வாங்கலாம். டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் என்ற இன்னொரு பராமரிப்புச் செலவு உதவியை மட்டும் யூசியோடு வாங்க முடியாது. இலவச மணி நேரத்துக்கான குறியீட்டு எண்ணை (கோட்), பள்ளித் தவணை தொடங்கும் முன்பே எடுத்திருக்க வேண்டும். செப்டம்பருக்கு ஆகஸ்ட் 31, ஜனவரிக்கு டிசம்பர் 31, ஏப்ரலுக்கு மார்ச் 31 கடைசி நாள், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இணையக் கணக்குக்குள் போய் உறுதிசெய்ய வேண்டும்.