கிலோமீட்டர் குறைவு என்பதற்காக ஸ்போர்ட்ஸ் காரை வாங்காதீர்கள்

சென்ற வாரம் கீழக்கரையைச் சேர்ந்த தம்பி ஒருவர், ஒன்பது ஆண்டுப் பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ரெக்கவரி வண்டியில் ஏற்றி என் பணிமனைக்குக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் ஏழாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது; வாங்கிப் பதினெட்டு நாட்களே ஆகியிருந்தன. "அண்ணே, பதினோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, புது வண்டி மாதிரி" என்று அந்த நிலையிலும் சொன்னார். லிஃப்டில் ஏற்றியபோது நான்கு பிரேக் டிஸ்க்குகளிலும் துரு குழி பறித்திருந்தது, ஏ.சி.யின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டன்சரின் தகடுகள் விரல் பட்டதும் உதிர்ந்தன. டயரின் பக்கச் சுவரில் 4815 என்ற எண்ணைச் சுற்றி நெடுக வெடிப்பு. அதாவது 2015ஆம் ஆண்டின் 48ஆவது வாரத்தில் செய்த டயர். இதே விலைக்குக் கோயம்புத்தூரில் அதே மாடல் வண்டி ஒன்று, 64,000 கிலோமீட்டர் ஓடியது, ஒவ்வொரு சர்வீஸ் ரசீதோடும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. கிலோமீட்டர் அதிகம் என்று வேண்டாமென்றுவிட்டார். இந்த ஆண்டில் இதே கதையோடு வந்த நான்காவது வண்டி இது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் கடலோரத்தில் இதைப் புரியவைக்க நான் இவ்வளவு பாடுபட வேண்டியிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகு வைத்திருப்பவர் யாராவது, எஞ்சின் ஓடவில்லை, அதனால் தேய்மானமில்லை என்று மகிழ்ந்து சும்மா இருக்கிறாரா? இடையிடையே எஞ்சினை ஓடவிடுகிறார், எண்ணெய் மாற்றுகிறார், குழாய்களைப் பார்க்கிறார், தடை முடியும் முன் ஆள் வைத்துப் பழுது பார்க்கிறார். இரண்டு மாதம் நின்ற படகையே நம்பிக் கடலுக்குள் போகாத ஊரில், ஒன்பது ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் நின்ற காரை, அதுவும் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துக்கென்று செய்த காரை, நின்றதே அதன் சிறப்பென்று சொல்லிக் கூடுதல் விலைக்கு வாங்குகிறோம்.

ஓடோமீட்டர் காட்டுவது ஓடிய தூரத்தை மட்டுமே. ஒரு காரில் தூரத்தால் தேயும் உறுப்புகளைப் போலவே காலத்தால் கெடும் உறுப்புகளும் உண்டு. ஸ்போர்ட்ஸ் காரில் விலை கூடியவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் வருகின்றன. பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அதற்கான தர அளவே 155 டிகிரிதான். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான். தம்பியின் வண்டியில் அது ஒருமுறைகூட மாற்றப்பட்டதற்கான ரசீது இல்லை. எஞ்சின் ஆயில், கூலண்ட், பேட்டரி, ரப்பர் சீல்கள், டயர்கள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். எத்தனால் கலந்த பெட்ரோலும் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் பம்பும் இன்ஜெக்டரும் என்ன ஆகும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இதோடு நம் உப்புக்காற்றைச் சேர்த்துப் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் படிந்த உப்பு தானாகவே கசிந்து நீராகிவிடும். இராமேசுவரம் தீவில் பல நாட்கள் இரவு முழுவதும் அப்படித்தான். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பை எதிர்த்து எத்தனை தலைமுறைகள் வண்ணம் பூசின என்பதை அறிவோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் வேண்டியிருந்தன. அந்தக் காற்றில்தான் ஒரு மெல்லிய அலுமினியக் கண்டன்சரை, தார்ப்பாய் போட்டு மூடி, தென்னந்தோப்பு வீட்டில் நிறுத்திவைக்கிறோம். தார்ப்பாய் உப்பைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கிறது.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கே உரிய பலவீனம் உண்டு. அது சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். 1997 முதல் 2008 வரையிலான போர்ஷே பாக்ஸ்டரிலும், அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த அக்காலக் கேமன், 911 வண்டிகளிலும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங், அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளின் பக்கம் சுழற்சியைக் கடத்தும் இடைத்தண்டின் தாங்கி, உடைந்தால் எஞ்சினே போய்விடும். தினமும் ஓடி, ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்ட வண்டிகளைவிட நின்றுகொண்டே இருந்த வண்டிகளில்தான் இந்த ஆபத்து கூடுதல் என்பது அவற்றைப் பழுது பார்ப்பவர்களிடையே நிலவும் கருத்து. என் கருத்தும் அதுவே. 2009 மாடலிலிருந்து எஞ்சின் வடிவமைப்பையே மாற்றி அந்த ஷாஃப்டை நீக்கிவிட்டார்கள். ஆகவே குறைவாக ஓடிய 2007 வண்டியையும் இரண்டு மடங்கு ஓடிய 2010 வண்டியையும் ஒப்பிட்டால், பின்னதையே எடுங்கள். இந்த வண்டிகளில் ரேடியேட்டரும் கண்டன்சரும் முன்பம்பரின் இரு பக்கத் துளைகளுக்குள் இருக்கின்றன. சருகும் மணலும் அங்கே தங்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

நிமிடத்துக்கு 8,400 சுற்று வரை போகும் நான்கு லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட பி.எம்.டபிள்யூ. எம்3 என்றால், அதன் பலவீனமான கனெக்டிங் ராடு பேரிங்கை (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டின் தாங்கியை) மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீதில்லாத 30,000 கிலோமீட்டர் வண்டியைவிட, ரசீதுள்ள 80,000 கிலோமீட்டர் வண்டிக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன். முதன்முறையாக இப்படியொரு வண்டி வாங்குகிறவருக்கு, வீட்டில் வேறு காரும் இல்லையென்றால், 2017இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230 போன்ற நான்கு கதவு வண்டியையே சொல்வேன். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம்: அதன் ஆறு கியர் டி.எஸ்.ஜி. எனும் இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டும். மாற்றாமல் 75,000 ஓடிய வண்டியும் பிரச்சினைதான். அதிகம் ஓடியது நல்லது என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் கேட்பது ரசீதுகளை. துணிக்கூரை வண்டி மட்டும் நம் ஊருக்கு வேண்டவே வேண்டாம்.

ஓடோமீட்டர் எண்ணையே நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போர்ஷே போன்ற வண்டிகளில் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை வரம்பு மீறிச் சுழன்றது என்ற பதிவும் எஞ்சின் கணினியில் இருக்கும். உரிய ஸ்கேனர் இருந்தால் படித்துவிடலாம். கிலோமீட்டரை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 11,000 கிலோமீட்டர், 1,400 மணி நேரம் என்று வந்தால் சராசரி வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர்கூட இல்லை. ஒன்று வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, இல்லையென்றால் எண் திருத்தப்பட்டிருக்கிறது. இரண்டும் உங்களுக்கு வேண்டாம்.

சென்னையிலிருந்து மலிவாக வரும் வண்டிகளில் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். நம் பகுதியில் சீட் அடிக்கம்பியில் துரு இருந்தால் அது கடற்காற்றாலும் இருக்கலாம் என்பதால் துருவை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. பெல்ட்டின் உள்மடிப்பில் நுண்ணிய வண்டல் இருந்தால் அது கடற்காற்று கொண்டுவந்தது ஆகாது.

ஆவணங்களில் கடன் நிலுவையின்மை, பழைய காப்பீட்டுக் கோரிக்கை விவரம் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். புதுச்சேரிப் பதிவெண் வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டின் சாலை வரியையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒருநாளாவது எஞ்சின் ஆயில் நன்றாகச் சூடேறும்வரை, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். வாசலில் ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது ஓட்டுவதாகாது. படமெடுக்கத் தனுஷ்கோடி போய்வந்தால் அன்றே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். அதை வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வரும் உப்புத் தண்ணீரில் கழுவாதீர்கள். நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் இதைச் சொல்ல எனக்கே தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மழைநீர்த் தொட்டியிலிருந்து நான்கு குடம் போதும், கைப்பம்பு தெளிப்பான் வைத்து முடித்துவிடலாம்.

வாங்கவிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஒருநாள் கேளுங்கள். என் பணிமனைதான் என்றில்லை. மதுரையிலோ திருச்சியிலோ, அந்த மாடலைத் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். இன்னொருவர் வந்து நிற்கிறார், இன்றே முடிவு சொல்லுங்கள் என்று விற்பவர் அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவருக்கே அதை விட்டுவிடுங்கள். கோயம்புத்தூர் வண்டி விற்றுவிட்டதா என்று தம்பி நேற்று தொலைபேசியில் விசாரித்தார். விற்றுவிட்டது.