வாளித் தண்ணீரில் வினிகர் என்ன ஆகிறது?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் குளியலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான். பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். சோப்பு லேசில் நுரைக்காது. குளித்து முடித்தால் தோல் வறண்டு இழுக்கும். இதற்கும் கரப்பான் (எக்சிமா) என்ற தோல் நோய்க்கும் மருந்தாகக் குளிக்கும் நீரில் ஆப்பிள் சைடர் வினிகர் கலக்கும் யோசனை இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. யோசனைக்குப் பின்னால் அறிவியல் இல்லாமல் இல்லை. ஆனால் யாரும் தண்ணீரைக் கணக்கில் எடுப்பதில்லை.

நம் தோலின் மேற்பரப்பு புளிப்பானது. 1928இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரு ஜெர்மன் மருத்துவர்கள் இதை ‘அமிலப் போர்வை’ என்றார்கள். அமிலத்தன்மையை அளக்கும் எண்ணான பி.எச். அதில் சராசரியாக 5க்குச் சற்றுக் கீழே. 7 நடுநிலை, ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். உடம்பின் ஈரம் வெளியேறாமல் அடைக்கும் செராமைடு கொழுப்புகளை உருவாக்கும் நொதிகளுக்கு இந்தப் புளிப்பு தேவை. அது குறைந்தால் அவை மந்தமாகும். தோல் செல்களைப் பிணைத்திருக்கும் புரதங்களை அறுக்கும் வேறு நொதிகள் வேகமெடுக்கும். கரப்பான் உள்ள தோலில் பி.எச். உயர்ந்திருக்கிறது. வழக்கமான சோப்பின் பி.எச்.சோ 9, 10. எனவே இழந்த அமிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

ஆப்பிள் சாறானாலும் சித்தூர் தாலுகாவில் இறக்கும் தென்னங்கள்ளானாலும் வினிகராகும் வழி ஒன்றுதான். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. அசிட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அதை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. ஆப்பிள் படம் போட்ட புட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தோலுக்குப் போய்ச் சேர்வதாக எனக்குத் தோன்றவில்லை.

கடை வினிகரில் அமிலம் சுமார் 5 சதவீதம். 15 லிட்டர் வாளியில் 50 மில்லி ஊற்றினால் இரண்டரை கிராம் அமிலம் சேரும். மழைநீராக இருந்தால் பி.எச். 3.7 வாக்கில் இறங்கிவிடும். உப்புத் தண்ணீரில் கதை வேறு. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட், அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறி அந்த அமிலத்தைத் தீர்த்துவிடுகிறது. ஹீட்டர் கம்பியில் படிந்த வெள்ளைப் பொருக்கில் வினிகர் விட்டால் குமிழி கிளம்புமே, அதற்கு நெருங்கிய வேதிவினைதான் இது; வாளிக்குள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. அமிலத்தைத் தீர்க்கும் இந்தத் திறனைக் காரத்தன்மை என்பார்கள். அது லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள நீரில் 50 மில்லி வினிகரும் செலவாகி, பி.எச். 6.4 அருகே நின்றுவிடும்.

வினிகரின் கிருமி கொல்லும் திறனும் இதோடு போகிறது. அசிட்டிக் அமிலம் அயனிகளாகப் பிரியாமல் முழு மூலக்கூறாக இருந்தால்தான் பாக்டீரியாவின் சவ்வை எளிதாகக் கடக்கும். பி.எச். 4.76இல் பாதி மூலக்கூறுகள் அப்படி இருக்கும்; 6.4இல் நூற்றுக்கு இரண்டு மிஞ்சினால் அதிகம்.

அப்படியானால் நிறைய ஊற்றலாமே என்பீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அதைத்தான் சோதித்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. 22 பேர், அவர்களில் பாதிப் பேர் கரப்பான் உள்ளவர்கள். ஒரு முன்கையைக் குழாய் நீரிலும் மற்றதை 0.5 சதவீத அமிலம் வருமளவு வினிகர் கலந்த நீரிலும் தினம் 10 நிமிடம், 14 நாள் ஊறவைத்தார்கள். நம் வாளிக்கு அந்த அளவைக் கொண்டுவர ஒன்றரை லிட்டர் வினிகர் வேண்டும்! தோலின் தடுப்புத்திறன் மேம்படவில்லை. இறங்கிய பி.எச். ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. 16 பேருக்கு வினிகர் பட்ட கையில் எரிச்சல் போன்ற தொந்தரவுகள் வந்தன.

‘வினிகர் ஊற்றிக் குளித்தால் முடி வழவழப்பாகிறது’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. உப்புத் தண்ணீரின் கால்சியமும் சோப்பும் சேர்ந்து முடியில் ஒட்டும் கசடை அமிலம் கரைக்கிறது. அது கசடு நீங்கியதன் வழவழப்பு. கரப்பான் ஆறுவதோடு அதற்குச் சம்பந்தமில்லை.

வெடித்த தோலிலும் குழந்தைகள் மேலும் வினிகர் வேண்டாம். கலக்காத வினிகரைப் பஞ்சில் நனைத்து மரு மேல் கட்டிவைத்துத் தோல் வெந்துபோனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வறட்சிக்குப் பி.எச். 5.5 அளவில் தயாராகும் சோப்பில்லாக் குளியல் கட்டிகள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, ஈரம் உலருமுன் ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தடவுவதைத்தான் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.