நிற்கும் வரை பிரேக், நின்ற பின் செக்லிஸ்ட்

விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது கேப்டனின் கை, இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர்கள்மீதே இருக்கும். ஓட்டுவது துணை விமானியாக இருந்தாலும் பல நிறுவனங்களில் இதுதான் வழக்கம், ஏனென்றால் கிளம்பும் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவு கேப்டனுடையது. நிறுத்த முடிவெடுப்பதற்கான கடைசி வேகத்தை எட்டியதைச் சொல்லும் 'வி-ஒன்' என்ற அறிவிப்பு வந்ததும் அந்தக் கையை எடுத்துவிடுவார். அதற்கு மேல் ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் பறந்துவிட வேண்டியதுதான். மிச்சமிருக்கும் ஓடுபாதை நிற்கப் போதும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. விமானத்தின் எடை, வெப்பநிலை, பாதையின் நீளம், ஈரம் எல்லாம் பார்த்து அந்த வேகத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகக் கணக்கிடுகிறார்கள்.

வி-ஒன்னுக்கு முன்னால் என்றாலும் எல்லாக் கோளாறுக்கும் நிறுத்துவதில்லை. போயிங் நடைமுறையில் 80 நாட், அதாவது மணிக்குச் சுமார் 150 கி.மீ., ஒரு எல்லைக்கோடு. அதற்குள் சாதாரண எச்சரிக்கை விளக்கு எரிந்தாலே நிறுத்திவிடலாம். தாண்டிவிட்டால் தீ, இன்ஜின் செயலிழப்பு, விமானம் பறக்குமா என்றே சந்தேகம் என்ற அளவிலான காரணம் வேண்டும். வேகம் இரட்டிப்பானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. 79 டன் எடையோடு மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் ஓடும் 737-800-இன் இயக்க ஆற்றல், 700 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். பிரேக் இருப்பதோ நான்கு பிரதானச் சக்கரங்களில் மட்டும். மூக்குச் சக்கரத்தில் கிடையாது.

சரி, நிறுத்த முடிவெடுத்தாயிற்று. கேப்டன் லீவர்களைப் பின்னால் இழுக்கிறார். தானாகவே பிரேக் பிடிக்கும் ஆட்டோபிரேக்கை 'ஆர்டிஓ' நிலையில், அதாவது கைவிடப்பட்ட கிளம்பலுக்கான நிலையில், வைத்திருக்கிறார்களா என்பதைக் கிளம்பும் முன் படிக்கும் செக்லிஸ்ட்டிலேயே சரிபார்த்திருப்பார்கள். 737-இல் 90 நாட்டுக்கு மேல் லீவர்கள் பின்னால் வந்ததுமே பிரேக் முழு அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் இருக்கும் மனிதக் கால் முழு பலத்தோடு, விடாமல் மிதிக்கும் என்று நம்ப முடியாது. இயந்திரத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கினால் ஆன்டி-ஸ்கிட் அமைப்பு அந்தச் சக்கரத்தில் மட்டும் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தும். இறக்கைமேல் எழும் தகடுகளான ஸ்பாய்லர்கள் காற்றைத் தடுப்பதைவிட முக்கியமான வேலை ஒன்றைச் செய்கின்றன: தூக்குவிசையைக் குலைத்து, விமானத்தின் எடையைச் சக்கரங்கள்மீது இறக்குகின்றன. எடை இறங்காவிட்டால் பிரேக் பிடித்தும் பயனில்லை. அப்புறம் ரிவர்ஸ் த்ரஸ்ட், அதாவது இன்ஜினின் விசையை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைப்பது. இத்தனைக்கும் யாரும் காகிதத்தைப் புரட்டுவதில்லை, எல்லாம் மனப்பாடம்.

ஒரு விமான வகைக்குப் பறக்க அனுமதி தருமுன் நடக்கும் சான்றிதழ்ச் சோதனையில் இந்த பிரேக்குகளைத் தேய்ந்த நிலையில்தான் சோதிக்க வேண்டும். இது பட்டுத் தெரிந்துகொண்ட விதி. 1988 மே மாதம் டாலஸில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 ஒன்று கிளம்பும் ஓட்டத்தைப் பாதியில் கைவிட்டபோது, பத்து பிரேக்குகளில் தேய்ந்திருந்த எட்டு செயலிழந்தன. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது. அதுவரை புது பிரேக்கை வைத்துப் போட்ட கணக்கைத்தான் நம்பியிருந்தார்கள்! சோதனையில் நின்ற பிறகும் ஐந்து நிமிடம் தீயணைப்பு வண்டி கிட்டே வரக்கூடாது. நின்ற பின்னும் பிரேக்கின் வெப்பம் சக்கரத்துக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். டயர் வெடிக்காமலிருக்க, சக்கரத்தில் பொருத்தியிருக்கும் உருகும் அடைப்புகள் இளகிக் காற்றை வெளியே விட்டுவிடும்.

என்னைக் கேட்டால், பிரேக்கை விடச் சிக்கலான கட்டம் நின்ற பிறகுதான் தொடங்குகிறது. 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்திலிருந்து மயாமிக்குக் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 383, ஒரு போயிங் 767. வி-ஒன்னை எட்டுவதற்குச் சற்று முன்பு வலது இன்ஜினின் டர்பைன் வட்டு உடைந்து சிதறியது. எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது. கேப்டன் உடனே நிறுத்தினார், விமானமும் ஓடுபாதைக்குள்ளேயே நின்றது. அதுவரை எல்லாம் முறைப்படி.

அடுத்து எடுத்தது இன்ஜின் தீ செக்லிஸ்ட். வானத்தில் பறக்கும்போதும் தரையில் நிற்கும்போதும் அப்போது அது ஒரே பட்டியலாக இருந்தது. தீயணைப்பான் பாட்டிலைத் திறந்துவிட்டு 30 விநாடி பொறுத்துப் பார்க்கச் சொல்லும் படி ஒன்று அதில் இருந்தது. வானத்தில் அது நியாயம். இறங்கும்வரை வேறு வழியில்லை, மற்ற இன்ஜின் ஓடியாக வேண்டும். தரையில் கதவைத் திறந்து ஆட்களை இறக்கலாம், அதற்கு எல்லா இன்ஜினையும் முதலில் அணைக்க வேண்டும். விமானிகள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, புகையைப் பார்த்த பணிப்பெண்கள் தீ இல்லாத இடது பக்கமாகப் பயணிகளை வெளியேற்றத் தொடங்கிவிட்டார்கள். இடது இன்ஜின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வெளியேற்றக் காற்று வீசித் தள்ளியதில் ஒரு பயணி பலத்த காயமடைந்தார். விமானத்தில் இருந்த 170 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

தரையில் ஏற்படும் இன்ஜின் தீக்கெனத் தனி செக்லிஸ்ட் வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் பரிந்துரைத்தது.